மேலும் படிக்க மாட்டார்

ஆராய்ச்சிச் செய்தியின் தலைப்பை மட்டும் விழுங்கி ஏப்பம் விடும் ஓர் இனம் பெருகி வருகிறது, கவனித்திருப்பீர்கள். கைபேசியில் நாலு வரி வரும். கீழே 'மேலும் படிக்க' என்று நீல எழுத்தில் இருக்கும். தலையே போனாலும் இவர் அதை மட்டும் தொடமாட்டார். தொட்டால் ஷாக் அடிக்குமோ என்னவோ!

இந்த இனத்தில் எங்கள் வீட்டுக்கு வாய்த்தவர் என் மனைவியின் அண்ணன். "ஆராய்ச்சியே சொல்லிடுச்சு மாப்ள" என்றுதான் வாயைத் திறப்பார்.

மனைவிக்கு மார்பில் கட்டி. புற்றுநோய்தான் என்று சொல்லி அறுவைக்கு நாள் குறித்தார்கள். அன்று கார் ஓட்டியது நான், பக்கத்து முன்சீட்டில் அண்ணன். இரண்டு தெரு தாண்டவில்லை, வழிகாட்டிய மேப்பை அணைத்துவிட்டார்.

"செயற்கைக்கோள் சிக்னலையே போலியா அனுப்புறானுங்களாம். நம்பிப் போனா எங்க கொண்டுபோய் விடுவானோ! எனக்கு வழி தெரியும்."

அவருக்குத் தெரிந்த வழி ஒரு டயர் குடோன் வாசலில் முடிந்தது. போலி சிக்னல் எதுவும் தேவைப்படவில்லை.

தாமதமாகப் போய்ச் சேர்ந்தோம். டாக்டரம்மாவிடம் அண்ணனின் முதல் கேள்வி: "இப்பல்லாம் கம்ப்யூட்டர் கண்ணாடி மாட்டிக்கிட்டு, அதுல தெரியுற இல்லாத உடம்ப அறுத்துத்தான் ஆபரேஷன் பழகுறாங்களாமே. நீங்க எப்படி?"

"இல்லாத உடம்புலயும் பழகியிருக்கேன், இருக்கிற உடம்புலயும் பழகியிருக்கேன்" என்றார் அவர், சிரிக்காமல்.

சம்மதப் படிவம் வந்தது. மனைவி பேனாவைத் திறந்தாள். அண்ணன் கைபேசியைத் திறந்தார்.

"இரும்மா! புற்றுநோய்க்கு இனிமே கத்தியே வேணாமாம். ஒரே ஊசி, கட்டி கரைஞ்சிடுதாம்!"

பேனா நின்றது. அவள் என்னைப் பார்த்தாள். உண்மையைச் சொல்கிறேன், அந்த ஒரு நிமிடம் நானும் ஆசைப்பட்டேன். கத்தி வேண்டாம் என்றால் யாருக்குக் கசக்கும்? பயந்து போயிருப்பவனுக்குத் தலைப்பே போதுமாக இருக்கிறது.

டாக்டரம்மா கையை நீட்டி 'மேலும் படிக்க'வைத் தொட்டார். ஷாக் அடிக்கவில்லை. கைபேசியை மனைவியிடம் கொடுத்தார். அவள் வாய்விட்டுப் படித்தாள்: "சோதிக்கப்பட்ட பதினோரு எலிகளில் ஏழுக்கு..."

"நல்ல செய்திதாம்மா" என்றார் டாக்டர். "நமக்கு வந்து சேர இன்னும் வருஷக்கணக்காகும். கட்டி அதுவரைக்கும் சும்மா இருக்காது."

மனைவி நிமிர்ந்தாள். "அண்ணே, நான் எலி இல்ல."

கையெழுத்துப் போட்டுவிட்டாள்.

இப்போது நன்றாக இருக்கிறாள். அண்ணனும் திருந்திவிட்டார்: எலி என்ற சொல் வரும்வரை படிக்கிறார்.

அது இருக்கட்டும். இந்தத் தலைப்பைப் பார்த்ததுமே உங்களுக்கு ஒரு முகம் ஞாபகம் வந்து, 'இது அவருக்கேதான்' என்று அனுப்பியிருப்பீர்களே, படித்துவிட்டா அனுப்பினீர்கள்?