முருகனுக்கு முதல் வெளிச்சம்

இதை எழுதலாமா வேண்டாமா என்று ஆறு வருடம் யோசித்தேன். இரண்டு தடவை கொப்பியும் பேனாவும் எடுத்து உட்கார்ந்து, வெட்கத்தில் மூடி வைத்துவிட்டேன். கோயிலில் நடந்ததைச் சிரிப்புக் கதையாக எழுதினால் முருகன் என்ன நினைப்பான் என்ற பயம் ஒரு பக்கம். ஓ.எல். பரீட்சை இரண்டு தடவை எழுதியும் தேறாதவன் எழுதி யார் படிப்பார்கள் என்ற கூச்சம் மறுபக்கம். ஆனால் என் மனைவியின் தங்கை புருஷன் ரவி, கல்யாண வீடு கல்யாண வீடாக இந்தக் கதையைச் சொல்லிக்கொண்டு போய், போன மாதம் அதற்குள் ஒரு யானையைக் கொண்டுவந்துவிட்டான். இனியும் சும்மா இருந்தால் சரிவராது.

ஹுன்னஸ்கிரியத் தேயிலைத் தோட்டத்தில் மாமனார் வேலை செய்த காலத்தில் ஓட்டிய மோட்டார் சைக்கிள் ஒன்று, கொட்டிலில் கொழுந்துச் சாக்குகளுக்குக் கீழே வருடக்கணக்காகக் கிடந்தது. எனக்கும் அதில் கண், ரவிக்கும் அதில் கண். குண்டசாலையிலிருந்து கண்டி டவுனுக்குப் பஸ்ஸில் தொங்கிப் போய்ப் புடவைக்கடையில் வேலை பார்க்கிறவன் நான். மனைவி புஷ்பாவைப் பின்னால் ஏற்றிக்கொண்டு வெள்ளிக்கிழமை கோயிலுக்குப் போகவேண்டும் என்பது என் பெரிய கனவு.

மாமா எங்கள் இருவரையும் கூப்பிட்டார். “மூத்த மாப்புள முதல்ல வண்டியத் திருத்திப் பாக்கட்டும். நம்ம கோயில் பூசையில வச்சு நான் பாக்கணும். லைட் எரிஞ்சா வண்டி அவருக்கு. எரியலேன்னா ரவிக்கு.”

ரவி அக்குறணையில் மோட்டார் பாகங்கள் விற்கும் கடையில் நிற்கிறவன். “அண்ணே, வயரிங் மட்டும் நான் பாத்துத் தரவா?” என்று கேட்டான். எதிராளி கேட்கிற கேள்வியா இது? தேவையில்லை என்றுவிட்டேன்.

அன்றைக்கே ஒரு நேர்த்தியும் வைத்தேன். ‘முருகா, இந்த வண்டியின் முதல் வெளிச்சம் உன் முகத்தில்தான் விழும். அதுவரைக்கும் லைட் சுவிட்சைத் தொடமாட்டேன்.’ (பக்தியில் குறை சொல்ல முடியாது. ஆனால் வயரிங் வேலைக்கு இதைவிட மோசமான நேர்த்தி உலகத்தில் கிடையாது.)

எஞ்சின் வேலையை ஒரு மெக்கானிக் பாஸ் செய்து தந்தார். வயரிங் என் பொறுப்பு. பதினெட்டு வருடமாகச் சேலைக்கு ரவிக்கைத் துணி பொருத்திக் கொடுக்கிறவன். இருபது வகைப் பச்சையைக் கண்ணால் பார்த்தே பிரிப்பேன். நிறம் நிறமாய் வயரைச் சேர்ப்பதா கஷ்டம்? ஹெட்லைட்டைத் திறந்தேன். மழையும் எலியும் சேர்ந்து எல்லா வயரையும் ஒரே சேற்று நிறமாக்கியிருந்தன.

ஒரு மாதம் முயன்றேன். புஷ்பா பக்கத்தில் நின்று போன் டோர்ச்சைப் பிடித்தாள். கடைசி இரண்டு வயர் மூட்டு மிஞ்சியபோது கறுப்பு டேப் தீர்ந்துபோனது. கடை பூட்டியிருந்தது. கையில் நல்ல தையல் நூல் இருந்தது. இறுக்கிச் சுற்றிவிட்டேன்.

“ஒரு தடவ போட்டுப் பாத்துருங்களேன்” என்றாள் புஷ்பா.

“நேர்த்தி.”

“முருகன் ஒண்ணும் சொல்லமாட்டாருங்க.”

“ஒனக்கு எப்படித் தெரியும்?”

அவள் டோர்ச்சை அணைத்துவிட்டுச் சமைக்கப் போனாள்.

பூசைக்கு நாள் கேட்கப் போனபோது, யாழ்ப்பாணத்துக் குருக்கள் ஐயா ஒரு செப்புத் தகடு தந்தார். உள்ளங்கை அளவு, நடுவில் வேல் கீறியது. சாமிப் படத்தோடு வைக்கச் சொன்னார். எனக்கு மனம் கேட்கவில்லை. வண்டி மலைப்பாதையில் வளையும்போது தகடு வீட்டில் இருந்து என்ன பயன்? வண்டிக்குக் கண் ஹெட்லைட். ஆகவே யாருக்கும் சொல்லாமல் ஹெட்லைட்டைத் திறந்து, பல்புக்குப் பின்னால், வயர்களுக்கு நடுவே தகட்டைச் செருகி, கும்பிட்டு மூடினேன்.

வெள்ளிக்கிழமை சாயந்தரம் இரண்டு ஒழுங்கை தாண்டிக் கோயிலுக்கு வண்டியை ஓட்டிப் போனேன். ஹோர்ன் அடிக்கவில்லை. (கோயிலுக்குப் போகிறவன் வழியில் நிற்கிறவர்களை அதட்டக் கூடாது என்று எண்ணம். அடித்திருந்தால் அங்கேயே குட்டு வெளிப்பட்டிருக்கும்.) அந்த ஹோர்ன் ரவி அன்பளிப்பாகத் தந்தது. லொறிக்குப் பூட்டுகிற வகை.

வண்டியைச் சந்நிதிக்கு நேரே நிறுத்தினோம். மாலை போட்டு, சக்கரத்துக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்தாயிற்று. ஐயா தீபத்தைத் தூக்கினார். மணி அடித்தது. மாமா அர்ச்சனைத் தட்டை ஏந்தியபடி என் விரலையே பார்த்தார். “முருகா!” என்று சுவிட்சைத் தட்டினேன்.

எரிந்தது! முருகனின் வேல் தகதகவென்று மின்னியது. அதே நொடியில் ஹோர்னும் அலறியது. மலையிறங்கும் லொறி பிரேக் இல்லாமல் கோயிலுக்குள் வந்தது போல.

மாமாவின் கையிலிருந்த அர்ச்சனைத் தட்டு விழுந்தது. தேங்காய்ப் பாதி ஒன்று உருண்டு வாசல்வரை போனது. சாமி புறப்படப் போகிறது என்று நினைத்தோ என்னவோ, மேளக்காரர் அடிக்கத் தொடங்கிவிட்டார். சுவிட்சை அணைத்தேன். சத்தம் நின்றது, முருகனும் இருட்டில் போனான். மறுபடி போட்டேன். வெளிச்சம் வந்தது, அலறலும் வந்தது. மூன்றாம் தடவையும் போட்டேன். (ஏன் என்று கேட்காதீர்கள். நேர்த்தி வைத்தவனுக்கு அறிவு வேலை செய்யாது.)

“மாப்புள, அத விடுங்க!” என்று காதைப் பொத்திக்கொண்டு கத்தினார் மாமா. “ரவி, நீ பாரு.”

என் பஸ் வாழ்க்கை முழுவதும் கண்முன் வந்து நின்றது. ரவி ஒரு அடி வைத்தான். அதற்குள் புஷ்பா சேலைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு வந்துவிட்டாள்.

“லைட்ட விடுங்க. இப்ப ஹோர்ன் பட்டன அமுக்குங்க.”

அமுக்கினேன். அலறலோடு லைட்டும் எரிந்தது.

“ரெண்டு வயரும் உள்ளுக்க ஒட்டிக்கிட்டிருக்கு. தெறங்க.”

“தெறக்க வேணாம், புஷ்பா.”

“ஏன்?”

என் பையிலிருந்த திருப்புளியை அவளே எடுத்து ஹெட்லைட் வளையத்தைக் கழற்றினாள். உள்ளேயிருந்து தகடு ‘டங்’ என்று விழுந்து, எலுமிச்சம்பழத்துக்குப் பக்கத்தில், வேல் மேலே தெரியும்படி கிடந்தது. நூல் சுற்றிய இரண்டு மூட்டுக்கும் நடுவில் பாலம் போட்டது அதுதான்.

ஐயா குனிந்து பார்த்தார்.

“தம்பி, இது நான் தந்த தகடெல்லே? சாமிப் படத்தோட வைக்கச் சொல்லித்தானே தந்தனான்?”

“வண்டிக்குக் கண்ணு அதுதானுங்களே, ஐயா...”

ஐயா தீபத்தைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார். பூணூல் குலுங்கச் சிரித்தார். “ஓம், ஓம். முருகன் காவலுக்கு வந்தவர். நீர் அவரைக் கொண்டுபோய் ஹோர்ன் அடிக்க விட்டிருக்கிறீர்!”

புஷ்பா உள்ளே எட்டிப் பார்த்தாள். “நூலா? வயருக்குத் தையலா போட்டீங்க?”

ரவி சட்டைப் பையிலிருந்து புதுக் கறுப்பு டேப் ஒன்றை எடுத்து அவளிடம் நீட்டினான். “தேவப்படும்னு தெரியும் மதினி” என்றான். அந்த ஒரு காரியத்துக்காக, அந்த யானையைக்கூட நான் பாதி மன்னித்துவிட்டேன்.

அவள் டேப் சுற்றினாள். ஐயா மறுபடி தீபம் காட்டினார். சுவிட்சைத் தட்டினேன். வெளிச்சம் மட்டும் வந்தது. ஒரு சத்தம் இல்லை. வேலும் முகமும் அவ்வளவு பக்கத்தில் தெரிந்தன. அழுதுவிட்டேன். அதில் கேலி இல்லை, உண்மையான அழுகை. அந்தத் தகடு மலைப்பாதையில், புஷ்பா பின்னால் இருக்கும்போது உரசிச் சூடேறியிருந்தால்? கோயிலுக்குள்ளேயே அலறவைத்துக் காப்பாற்றினான் என்றுதான் இன்றும் நம்புகிறேன்.

மாமா தொண்டையைச் செருமினார். “லைட் எரிஞ்சிருச்சு. சொன்னா சொன்னதுதான். வண்டி ரவிக்கு இல்ல.” நான் நெஞ்சை நிமிர்த்தினேன். “ஆனா எரிய வச்சது என் மக. வண்டிப் புத்தகத்த அவ பேருக்கு மாத்துறேன்.”

அப்படியே மாற்றினார். ஆறு வருடமாக என் மனைவியின் வண்டியை அவள் அனுமதியோடு ஓட்டிக்கொண்டிருக்கிறேன். தகடு சாமிப் படத்தோடு இருக்கிறது. வீட்டில் நான் கொஞ்சம் சத்தமாகப் பேசத் தொடங்கினால் போதும், “என்னாங்க, தகட்ட வெளிய எடுங்க” என்பாள். பிள்ளைகளும் இப்போது சொல்கிறார்கள்.

இதைப் படித்தவர்களிடம் ஒரு வேண்டுகோள். இதை யாருக்காவது சொல்வதானால், நான் எழுதியபடியே சொல்லுங்கள். நூல் சுற்றியதை மறைக்க வேண்டாம். அழுததைக் குறைக்க வேண்டாம். அன்று கோயில் வாசலில் நின்றது ஒரு த்ரீவீல் மட்டும்தான். யானை இல்லை.