அப்பா வழுக்கிய பாசித் தோட்டம்

என் அப்பாவின் இடுப்பெலும்பை உடைத்தவன் நான்தான். வேண்டுமென்று செய்யவில்லை. ஆனால் மூன்று மாதம் பாடுபட்டுச் செய்தேன்.

ஆம்பூரில் எங்கள் வீட்டுப் பின்பக்கம் வெயிலே படாது. துளசிகூடச் செத்துப்போன இடம். ஷூ கம்பெனியில் தரம் பார்க்கும் வேலையிலிருந்த நான், ஏதோ வீடியோவைப் பார்த்துவிட்டு, அங்கே பாசி வளர்ப்பதென்று முடிவெடுத்தேன். மொட்டைமாடிச் சுவரில் மழைக்கு முளைத்திருந்ததைப் பெயர்த்து வந்து மண்ணில் பதித்தேன். போர் தண்ணீரின் உப்புக்கு ஒரே வாரத்தில் கருகியது. மறுபடி பதித்து, டிரம்மில் பிடித்த மழைத்தண்ணீரைத் தெளித்தேன்.

"ஊரே பாசியை பிரஷ் போட்டுத் தேய்க்குது. நீங்க இன்னாடான்னா புள்ள மாதிரி வளர்க்கறீங்க" என்றாள் என் மனைவி சுமதி.

(ரசனையில்லாதவள் என்று அவளைச் சொன்னேன். அதற்கு இன்றுவரை வாங்கிக் கட்டிக்கொண்டிருக்கிறேன்.)

பாசி பிடித்துக்கொண்டது. மண்ணோடு நிற்காமல் பாத்ரூம் போகும் சிமெண்ட் படியிலும் ஏறியது. "படியில மட்டும் எடுத்துடுங்க" என்று சுமதி மூன்று முறை சொன்னாள். வெல்வெட் மாதிரி இருந்ததா, எனக்கு மனசு வரவில்லை.

அப்பா தோல் பதனிடும் ஷெட்டில் முப்பது வருடம் இருந்தவர். சுண்ணாம்பும் கொழுப்பும் கலந்த ஈரத் தரையில் நனைந்த தோலைச் சுமந்து நடந்தவர். ஒரு நாளும் வழுக்கியதில்லை.

ஒரு ஞாயிறு காலை 'தொப்'பென்று சத்தம். எழுந்து ஓடினேன். படிக்குக் கீழே அப்பா கிடந்தார். கையில் என் ஸ்பிரே பாட்டில்.

"நீ தூங்கினு இருந்தியா... காஞ்சிடப் போவுதேன்னு வந்தேன்டா" என்றார்.

ஆஸ்பத்திரியில் டாக்டர், "வயசானவங்க இருக்கற வீடு. பாசியைச் சுத்தம் பண்ணக் கூடாதா?" என்றார்.

"டாக்டர், இவர்தான் தண்ணி ஊத்தி வளர்த்தாரு" என்றாள் சுமதி.

டாக்டர் எக்ஸ்ரேயைக் கீழே வைத்துவிட்டு என்னை ஆராய்ந்தார்.

ஆபரேஷன் முடிந்து அப்பா எழுந்தார். ஆனால் வாக்கர் இல்லாமல் இனி நடக்க முடியாது என்றார்கள். வீடு திரும்பிய அன்றே ப்ளீச்சிங் பவுடரும் கம்பி பிரஷ்ஷுமாக உட்கார்ந்தேன்.

"படியில இருக்கறத எடு. மண்ணுல இருக்கறது இன்னாடா பண்ணுச்சு?" என்றார் அப்பா, நாற்காலியிலிருந்து. காதில் விழாத மாதிரி எல்லாவற்றையும் தேய்த்தேன்.

போன மாதம் வாணியம்பாடியில் மச்சினி வீட்டுக் கிரகப்பிரவேசம். வாசலிலேயே என்னை நிறுத்தினாள். "மாமா, காலை நல்லா கழுவிட்டு வாங்க. புதுத் தரை, எதனா முளைச்சிடப் போவுது."

எல்லோரும் சிரித்தார்கள். அப்பாதான் ஜாஸ்தி சிரித்தார். சிரிப்பில் வாக்கரே ஆடியது. நானும் சிரித்துக்கொண்டே அவர் கையைப் பிடித்தேன். வாசலில் இரண்டே படிகள். அவர் ஏறுமுன் இரண்டையும் என் காலால் தேய்த்துப் பார்த்தேன்.