ஒப்பீட்டுக்கு ஒரு சாள்

நீதி என்பது இறந்த பிறகு மேலுலகத்தில்தான் கிடைக்கும் என்று நம்பி வாழ்ந்த மனித குலத்துக்கு, அதைப் பூனாவிலேயே, அலுவலக நேரத்திலேயே பெற்றுக்கொள்ளலாம் என்று காட்டிய பெருமை 'இயற்கை வள நீதி ஆய்வக'த்தையே சேரும். காடு, நிலம், நீர் மூன்றையும் யார் எவ்வளவு அனுபவிக்கலாம், பேரப்பிள்ளைகளுக்கு எவ்வளவு மிச்சம் வைக்கலாம் என்று உலகுக்கு வழிகாட்டுவதற்காகத் தொண்ணூறுகளின் தொடக்கத்தில் அது நிறுவப்பட்டது. முதலில் காட்டை ஆராய்ந்தார்கள். காடு இருந்த இடத்தில் இப்போது ஒரு நல்ல அறிக்கை இருக்கிறது. பிறகு நிலத்தை ஆராய்ந்தார்கள். அந்த நிலம் இப்போது ஆய்வகத்தின் பெயரில் இருக்கிறது. பாக்கியிருந்தது தண்ணீர்.

இயக்குநர் டாக்டர் லக்ஷ்மிநாராயணன் ஆங்கிலத்தில் சிந்தித்து, மராத்தியில் பேட்டி கொடுத்து, தமிழில் ஊழியர்களைத் திட்டுபவர். தண்ணீரைச் சிக்கனமாகச் செலவழிக்க வேண்டும் என்பதைச் சொல்வதற்காகவே கடல் கடந்து பல நாடுகளுக்குப் போய் வந்தவர். ஏழைகளோடு பேசும்போது தரையில்தான் உட்கார வேண்டும் என்று ஆய்வகத்தில் விதி வகுத்தவரும் அவரே. அவருக்கு மட்டும் முழங்கால் வலி இருந்ததால் நாற்காலி.

அவரிடம் தற்காலிக ஆய்வு அலுவலராக இருந்தான் அச்சுதன். கும்பகோணத்தில் புள்ளியியல் படித்தவன். பூனாவை ஒட்டிய ஆகுர்டித் தொழிற்சாலைப் பக்கம் தமிழ்க் குடும்பங்கள் நிறைய இருந்ததால் தமிழ் தெரிந்த ஆள் என்று அவனை எடுத்தார்கள். 'தண்ணீரை நியாயமாகவும் நிலையாகவும் பகிர்தல்' என்ற மூன்று வருட ஆய்வு ஒழுங்காக முடிந்தால் வேலை நிரந்தரம் என்று இயக்குநர் வாக்குக் கொடுத்திருந்தார். தற்காலிகம் என்ற சொல்லை மாமனார் காதில் விழாமல் காப்பாற்றிக் கல்யாணம் செய்துகொண்டவனுக்கு நிரந்தரம் எவ்வளவு பெரிய சொல் என்று நான் விளக்க வேண்டியதில்லை.

ஆய்வு நடந்த இடம் ஆகுர்டியில் சாலைக்கு இந்தப் பக்கம் இருந்த பாட்டீல் சாளும், அந்தப் பக்கம் இருந்த ஷிண்டே சாளும். சாள் என்றால் தகரக் கூரை போட்ட ஒற்றை அறைகள் வரிசையாக நிற்கும் குடியிருப்பு. இரண்டு சாளுக்கும் ஆளுக்கொரு பொதுக்குழாய். அதில் விடிகாலையில் கொஞ்ச நேரம் தண்ணீர், மற்ற நேரம் காற்று. இரண்டிலும் ஒரே அளவு ஜனம், ஒரே அளவு சண்டை. பார்த்ததும் இயக்குநர் கண் கலங்கிவிட்டார்.

"இரட்டைப் பிள்ளை மாதிரி இருக்குடா அச்சுதா. ஒண்ணுக்கு நிறையக் குழாய் போட்டுக் குடுப்போம். இன்னொண்ணை அப்படியே விட்டுடுவோம். ஒப்பிட்டுப் பாத்தா தண்ணியோட பலன் தெரிஞ்சுடும்."

"தண்ணியோட பலன் முன்னாடியே தெரியுமே சார்?"

"தெரியும். ஆனா நிரூபிக்கலையே."

எந்தச் சாளுக்குக் குழாய், எந்தச் சாள் ஒப்பீடு என்பதை மனிதர்கள் முடிவு செய்தால் அது பாரபட்சம் ஆகிவிடும். எனவே இயக்குநரின் மேஜைக் கண்ணாடி மீது ஒரு ரூபாய் நாணயத்தைச் சுண்டினார்கள். சுண்டியவன் அச்சுதன். ஷிண்டே சாளுக்குக் குழாய் விழுந்தது.

"சார், ரெண்டு சாளுக்குமே குடுத்துட்டா?" என்று கேட்டான்.

"குடுத்துட்டா அது தர்மம். தர்மத்துக்கு எந்த ஃபவுண்டேஷனும் நிதி தராது."

ஆய்வாளர் 'மக்களோடு கரைய வேண்டும்' என்பது அந்த வருடத்து மோஸ்தர். அச்சுதன் பாட்டீல் சாளிலேயே ஓர் அறை எடுத்து, புது மனைவி பட்டுவோடு கரைந்தான். விடிகாலையில் பட்டு வரிசையில் நிற்பாள். அவன் கைக்கடிகாரத்தோடு கொஞ்சம் தள்ளி நின்று, அவள் எவ்வளவு நேரம் நிற்கிறாள் என்று பதிவு செய்வான். தண்ணீர் பிடித்ததும் அவள் இரண்டு வாளியையும் தூக்கிக்கொண்டு நடப்பாள். அவன் வாளியைத் தொடமாட்டான். கவனிப்பவன் கவனிக்கப்படுவதில் தலையிட்டால் விஞ்ஞானம் கெட்டுவிடும்.

"ஏன்னா, ஒரு வாளியையாவது வாங்கிக்கப்படாதா?"

"வாங்கினா நீ சீக்கிரம் ஆத்துக்குப் போயிடுவே. நேரம் தப்பாப் பதிவாயிடும்."

வேறு யாராவது இப்படிச் சொல்லியிருந்தால் மனைவி வாளியைத் தலையில் கவிழ்த்திருப்பாள். பட்டு படித்த குடும்பத்துப் பெண். தண்ணீரை வீணாக்க மனம் வரவில்லை.

ஒருநாள் ஆய்வகம் ஜமக்காளம் விரித்துக் கூட்டம் போட்டது. பெண்கள் தங்கள் சாளின் வரைபடத்தைத் தரையில் ரங்கோலிப் பொடியால் போட வேண்டும்; யார் வீட்டில் தாகம் அதிகமோ அங்கே அதிகப் புளியங்கொட்டை வைக்க வேண்டும். வெளிநாட்டில் இதற்குப் பயிற்சி கொடுக்கிறார்கள். அடுத்த அறையில் இருந்த அந்தோணியம்மாள், தூத்துக்குடிப் பக்கத்துக்காரி, கொட்டைகளைக் கையில் வைத்துக்கொண்டு இயக்குநரை ஏற இறங்கப் பார்த்தாள்.

"தாகத்தக் கொட்டை வச்சா காட்டணும்? வீட்டுக்கு வந்து பானையத் தட்டிப் பாருங்க சார், சத்தத்துலயே தெரியும்."

"அருமையான தரவு" என்றார் இயக்குநர். பானையைத் தட்டிப் பார்க்க யாரும் போகவில்லை.

ஷிண்டே சாளில் குழாய்கள் வந்தன. அச்சுதனுக்கு விச்சு பிறந்தான். பிள்ளை பிறந்த வீட்டில் துணி எவ்வளவு நனையும் என்பதும், அதை அலச எவ்வளவு தண்ணீர் வேண்டும் என்பதும் ஒப்பீட்டுக்குப் புதிய பரிமாணத்தைக் கொடுத்தன. அலசாத துணிகளை மூலையில் குவித்து வைத்துவிட்டுப் பட்டு அழுதாள். அச்சுதன் துணிகளை எண்ணிப் பதிவு செய்தான். இன்னும் கொஞ்ச நாள், வேலை நிரந்தரம் என்று தன்னைத் தேற்றிக்கொண்டான்.

இந்தச் சமயத்தில் தொண்ணூற்றொன்பதாம் வருடத் தேர்தல் வந்து ஆய்வுக்குப் பெரிய ஆபத்தை உண்டாக்கியது. ஒருநாள் காலையில் ஒரு லாரி பாட்டீல் சாளின் முன்னால் நின்று, புத்தம் புதிய இரும்புக் குழாய்களை இறக்கியது. ஓட்டுக் கேட்டு வந்த ஒருவர், கெட்ட வேளை, சொன்ன சொல்லைக் காப்பாற்றிவிட்டார்.

"ஏன்னா, நம்மாத்து வாசல்லயே குழாய் வரப்போறதாம்" என்று விச்சுவை இடுப்பில் தூக்கிக்கொண்டு ஓடி வந்தாள் பட்டு. கல்யாணத்துக்குப் பிறகு அவள் முகத்தில் அப்படி ஒரு சிரிப்பை அச்சுதன் பார்த்ததில்லை. அன்றைக்கே ஆய்வகத்துக்குப் போய், கடமை தவறாமல் அதைத் தெரிவித்தான்.

இயக்குநர் நாற்காலியில் சாய்ந்துவிட்டார். "ஒப்பீட்டுச் சாளுக்குத் தண்ணி வந்தா எதோட எதை ஒப்பிடறது? ஆய்வு போச்சு. உன் வேலையும் போச்சு."

"நான் என்ன சார் பண்றது?"

"தண்ணி ஆபீஸ்ல போய்ப் பேசு. ஆய்வு முடியற வரைக்கும் வேண்டாம்னு சொல்லு. அடியோட வேண்டாம்னு சொல்லாதே, அது அநியாயம்."

அச்சுதன் போனான். வழியில் இரண்டு பஸ்ஸை வேண்டுமென்றே தவறவிட்டான் என்பதை அவன் சார்பில் சொல்லிவைக்கிறேன். தண்ணீர் அலுவலகத்தின் பொறியாளர் விஷயத்தைக் கேட்டதும் நாற்காலியை விட்டு எழுந்து, "பஸா, பஸா" என்று அவனை மரியாதையாக உட்கார வைத்து, டீ வரவழைத்தார்.

"சாகேப், நான் இந்த ஆபீசில் சேர்ந்த நாளிலிருந்து இந்தக் கதவைத் திறந்து வந்தவர்கள் எல்லாரும் தண்ணீர் கேட்டுத்தான் வந்திருக்கிறார்கள்" என்றார் இந்தியில். "வேண்டாம் என்று கேட்டு வந்த முதல் மனிதர் நீங்கள். நீங்கள் எங்கே குடியிருக்கிறீர்கள்?"

"அதே சாளில்."

பொறியாளர் நெஞ்சில் கை வைத்துக்கொண்டார். "தியாகம்" என்றார்.

அந்த அலுவலகத்தின் வரலாற்றிலேயே மனுக் கொடுத்த மறுநாளே நிறைவேறிய கோரிக்கை அது ஒன்றுதான். மறுநாள் அதே லாரி வந்து குழாய்களை ஏற்றிக்கொண்டு போனது. பட்டு வாசலில் நின்று லாரி திரும்பும்வரை பார்த்தாள். அச்சுதன் உள்ளே உட்கார்ந்து 'லாரி வருகை: ஆய்வுக்கு வெளிக் காரணி, விலக்கப்பட்டது' என்று பதிவு செய்தான்.

ஆபத்து அதோடு தீரவில்லை. ஷிண்டே சாள் பெண்கள், எந்த நிபுணரையும் கலந்தாலோசிக்காமல், தங்கள் குழாயில் பாட்டீல் சாள்காரர்களையும் தண்ணீர் பிடித்துக்கொள்ளச் சொல்லிவிட்டார்கள். ஷிண்டே சாள்காரர்கள் வேலைக்குப் போன பிறகு பாட்டீல் சாள்காரர்கள், கைக்குழந்தைக்காரிகள் முதலில் என்று தாங்களே முறையும் வைத்துக்கொண்டார்கள். ஒரு சின்னச் சண்டைகூட இல்லை.

"கசிவு" என்றார் இயக்குநர்.

"குழாயிலயா சார்?"

"ஆராய்ச்சியில. உடனே அடைக்கணும்."

"சார், நியாயமாப் பகிர்ந்துக்கறது எப்படின்னுதானே நாம கண்டுபிடிக்கணும்?"

"நாம கண்டுபிடிக்கறதுக்குள்ள அவாளே பகிர்ந்துண்டுட்டா, நாம எதைக் கண்டுபிடிக்கறது?"

மறுநாள் காலை அச்சுதன் சாலையைக் கடந்து போய் ஷிண்டே சாள் குழாயடியில் நின்றான். எதிர்ச்சாரியிலிருந்து முதல் ஆளாகப் பட்டு வந்தாள், இரண்டு வாளியோடு. பின்னால் அந்தோணியம்மாள், தலையில் ஹண்டா எனும் பித்தளைத் தவலையோடு.

"பாட்டீல் சாள்காரா இங்க பிடிக்கப்படாது" என்றான் அச்சுதன், குழாயைப் பார்த்து.

"யார் சொன்னா?" என்றாள் பட்டு.

"ஆய்வகம்."

"நீங்கதானே ஆய்வகம்?"

"நான் தற்காலிகம்."

பட்டு அவனையே பார்த்துக்கொண்டு நின்றாள். அந்தோணியம்மாள் அவள் தோளைத் தொட்டு, "வா பட்டு. ஒம் வீட்டுக்காரரு டூட்டில இருக்காரு, பாவம்" என்று கூட்டிக்கொண்டு போனாள். ஷிண்டே சாள் பெண் ஒருத்தி காலி வாளியை அவன் கால்மாட்டில் 'ணங்' என்று வைத்துவிட்டுப் போனாள்.

அதற்குப் பிறகுதான் பாட்டீல் சாள் பெண்கள் காலி ஹண்டாக்களோடு தண்ணீர் அலுவலகத்துக்கு மோர்ச்சா என்கிற கண்டன ஊர்வலம் போனார்கள். பட்டுவும் விச்சுவைத் தூக்கிக்கொண்டு போனாள். பொறியாளர் மிகுந்த வருத்தத்தோடு, தம்மேல் தவறில்லை என்றும், அவர்கள் சாளிலேயே குடியிருக்கும் அந்தத் தியாகிதான் வந்து வேண்டாம் என்று கேட்டுக்கொண்டதாகவும் விளக்கினார். பெண்கள் எல்லாரும் பட்டுவைப் பார்த்தார்கள். திட்டியிருந்தால்கூடப் பரவாயில்லை.

அன்று வீட்டில் பட்டு ஒரே ஒரு கேள்விதான் கேட்டாள். "எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கப்படாதா?"

"வேலை நிரந்தரமாகணுமே பட்டு. ஆய்வு முடிஞ்ச மறுநாளே நானே போய் குழாய் கேக்கறேன். சத்தியம்."

சாமி படத்தின் மேல் கை வைத்துச் சொன்னான். மனப்பூர்வமாகத்தான் சொன்னான்.

இரண்டாயிரத்து ஒன்றில் ஆய்வு முடிந்தது. அறிக்கை வெளியீட்டு விழா ஊரின் பெரிய ஹோட்டல் ஒன்றில் நடந்தது. பங்கேற்பு என்பது வெறும் பேச்சல்ல என்று காட்ட, இரண்டு சாள் பெண்களையும் பஸ் வைத்துக் கூட்டி வந்து முன்வரிசையில் உட்கார வைத்திருந்தார்கள். ஒவ்வொருவர் முன்னாலும் ஒரு பாட்டில் தண்ணீர். அந்தோணியம்மாள் அதைத் திறக்காமல் பைக்குள் போட்டுக்கொண்டாள்.

இயக்குநர் முடிவை அறிவித்தார். தண்ணீர் உள்ள இடத்தில் தண்ணீர்க் குறை இல்லை. தண்ணீர் இல்லாத இடத்தில் இருக்கிறது. அரங்கம் மூச்சைப் பிடித்துக்கொண்டு கேட்டது. நியாயம் நிரூபணமாகிவிட்டதாம், அது நிலைக்குமா என்பதுதான் அடுத்த கேள்வியாம். அதை அறிய இரண்டாம் கட்டமாக இன்னும் ஐந்து வருடம் இரண்டு சாள்களும் இப்படியே தொடரும். அதை நடத்தப்போகிறவர், இன்று முதல் நிரந்தரமாக்கப்படும் திரு. அச்சுதன்.

அச்சுதன் மேடையில் நின்றுகொண்டிருந்தான். நிரந்தரம் என்ற சொல் ஒரு காதில் விழுந்தது, ஐந்து வருடம் என்பது மறு காதில் விழுந்தது. முன்வரிசையில் மடியில் தூங்கும் விச்சுவோடு பட்டு இருந்தாள். அவள் அவனையேதான் பார்த்துக்கொண்டிருந்தாள். வாயைத் திறந்து ஒரு வார்த்தை சொல்ல அதுதான் சமயம். அவன் கோட்டுப் பொத்தானைச் சரி செய்துகொண்டான்.

நிதி கொடுத்த வெளிநாட்டு அம்மையார் மக்களின் குரலைக் கேட்க ஆசைப்பட்டார். மொழிபெயர்ப்பாளனும் அச்சுதன்தான். "மூணு வருஷத்துக்கு அப்புறம் ரெண்டு சாளுக்கும் நடுவுல அடிப்படை வித்தியாசம் என்னன்னு கேக்கறா" என்று முன்வரிசைக்குச் சொன்னான்.

பட்டு எழுந்து நின்றாள். குரலை உயர்த்தவில்லை.

"அந்தச் சாளுக்குத் தண்ணி வேண்டாம்னு யாரும் போய்ச் சொல்லலை. எங்க சாளுக்கு வந்த தண்ணியை ஒருத்தர் போய் நிறுத்திட்டு வந்தார். அவ்வளவுதான் வித்தியாசம்."

அரங்கம் அச்சுதனைப் பார்த்தது. இயக்குநரும் பார்த்தார். அச்சுதன் ஒரு சொல்கூடப் பொய் கலக்காமல், ஆய்வகத்தின் தூய ஆங்கிலத்தில் மொழிபெயர்த்தான்: "ஒப்பீட்டுக் குழு எந்த வெளித் தலையீட்டுக்கும் ஆளாகாதபடி கடைசிவரை கவனமாகப் பாதுகாக்கப்பட்டது என்கிறார்."

அம்மையார் எழுந்து நின்று கை தட்டினார். அரங்கமே எழுந்து தட்டியது. சத்தத்தில் விச்சு விழித்துக்கொண்டு அழுதான்.

அந்தோணியம்மாளுக்கு ஒன்றும் விளங்கவில்லை. "ஏ பட்டு, எதுக்கு எல்லாரும் இப்பிடிக் கை தட்டுதாவ?" என்று கேட்டாள்.

"நமக்குத் தண்ணி குடுக்காததுக்கு" என்றாள் பட்டு.