சம்மந்தம் ரத்து

ஆறுமுகநேரி,
ஞாயிறு, மத்தியானச் சாப்பாட்டுக்குப் பின்.

மதிப்பிற்குரிய அரிசி மண்டி செந்தூர்பாண்டி அண்ணாச்சி அவர்கள் சமூகத்துக்கு, மேலத்தெரு பலசரக்குக் கடை வேல்ராஜ் பணிவுடன் தெரிவித்துக்கொள்வது. இங்கு என் வீட்டுக்காரி சீனித்தாய் நலம், மகள் பிரேமா நலம், நான் முக்கால் நலம். அங்கு தாங்களும் அண்ணியும் தங்கள் மகன் தம்பி செல்வதுரையும் முழு நலமாக இருக்கச் செந்திலாண்டவன் துணை நிற்பாராக.

இரண்டு தெரு தள்ளி இருக்கிற ஆளுக்கு எதற்குக் கடிதம் என்று கேட்பீர்கள். நேரில் வந்தால், தங்கள் முகத்தைக் கண்டதும் என் வாய் தன்னால் "சம்மந்தி" என்கிறது. அதைத் திருத்துவதற்குள் மூச்சு வாங்குகிறது. தாங்களும் சோடா உடைத்துக் கொடுத்து, "மெதுவா, மெதுவா" என்று முதுகைத் தடவி, ஆட்டோ பிடித்து அனுப்பிவிடுகிறீர்கள். சொல்ல வந்தது தொண்டையிலேயே வீட்டுக்குத் திரும்பி வருகிறது. விரல்கள் பேனாவைப் பிடிக்க இன்னும் மறுப்பதால் நான் சொல்லச் சொல்லப் பிரேமா எழுதுகிறாள். எழுத்து அழகாக இருந்தால் அது அவள், கருத்து கோணலாக இருந்தால் அது நான்.

விஷயம் இதுதான். வருகிற வெள்ளிக்கிழமை சாத்தான்குளத்திலிருந்து பிரேமாவைப் பெண் பார்க்க வருகிறார்கள். இதற்கு முன்னால் வந்தவர்கள் எல்லாம் கடைத்தெருவில் ஒரு வார்த்தை விசாரித்து, "அந்தப் பிள்ளைய மண்டிக்காரர் மகனுக்குப் பேசியாச்சுல்லா" என்று கேள்விப்பட்டு, அப்படியே பஸ் ஏறிவிட்டார்கள். அப்படிப் பேசியது யார்? நான்தான். எனவே நமக்குள் சம்மந்தம் ஏதும் கிடையாது என்று தாங்கள் நாலு பேர் காதில் விழும்படி சொல்லவேண்டும். அதைக் கேட்கத்தான் இவ்வளவும்.

இது எங்கே தொடங்கியது என்றால், கொரோனாவில் என்னைத் தூத்துக்குடியில் ஐசியுவில் சேர்த்து, வாயில் குழாய் மாட்டித் தூங்க வைத்தார்களே, அங்கே. நான் மயங்கிக் கிடந்ததாக வீட்டில் சொல்கிறார்கள். நான் கல்யாணத்துக்குப் போயிருந்தேன் அண்ணாச்சி. ஒரு தோணி. பழைய துறைமுகத்திலிருந்து கிளம்பி, கரை தெரியாத தூரத்தில் பாய் விரித்துப் போகிறது. தோணி முழுக்கப் பந்தல். கடல் அசையவே இல்லை. அடியில் முத்துச்சிப்பிகள் வாய் திறந்து திறந்து மூட, அந்த வெளிச்சம் தண்ணீருக்குள் ஏறி வந்து எல்லார் முகத்திலும் ஆடுகிறது. மணவறையில் பிரேமாவும் தம்பி செல்வதுரையும். மேளத்துக்குப் பதில் எங்கேயோ ஒன்று பீப், பீப் என்று தாளம் தப்பாமல் அடிக்கிறது. நீல உடுப்புப் போட்டு முகத்தை மூடிய ஆட்கள் பந்தி விசாரிக்கிறார்கள். என் கைகளை மட்டும் இரண்டு பக்கமும் கட்டியிருந்தார்கள். பெண்ணின் தகப்பனுக்கு அப்படி ஒரு சடங்கு போல என்று இருந்துவிட்டேன். தாங்கள் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, "சம்மந்தி, காத்து நல்லா வருதுல்லா" என்றீர்கள். அப்படி ஒரு காற்று. இன்றைக்கும் சில மத்தியானங்களில் கடையில் கண் அசந்தால் அந்தத் தோணி வந்து நிற்கிறது. ஏறட்டுமா வேண்டாமா என்று யோசிப்பதற்குள் யாராவது கால் கிலோ உளுந்து கேட்டுவிடுகிறார்கள்.

அப்புறம் வீட்டுக்கு வந்தேன், முடி கொட்டி, காலில் உயிர் இல்லாமல், எலும்பும் தோலுமாக. வந்ததும் சீனித்தாயிடம் கல்யாண ஆல்பத்தைக் கேட்டேன். "ஏங்க, எந்தக் கல்யாணம்" என்று அழுதாள். சம்மந்தி வீட்டில் ஏதோ மனத்தாங்கல், இவள் மறைக்கிறாள் என்று நினைத்துக்கொண்டு, அவளுக்குத் தெரியாமல், மகளைக் கொடுத்த வீட்டுக்குச் செய்கிற பொங்கல்படியைத் தங்களுக்கு அனுப்பினேன். பித்தளைப் பானை, பச்சரிசி, கரும்பு, மஞ்சள்குலை, ஒரு மூட்டை சேனைக்கிழங்கு, எல்லாம் லோடு ஆட்டோவில், தெருவே பார்க்க. தாங்கள் அதைத் திருப்பி அனுப்பவில்லை. நோயாளி மனசு நோகுமே என்று வாங்கிக்கொண்டீர்கள், அது தங்கள் பெருந்தன்மை. ஊர் அதை வேறு மாதிரி எடுத்துக்கொண்டது. அடுத்து, தீபாவளிக்கு மாப்பிள்ளைக்கு மோதிரம் எடுக்க விரல் அளவு கேட்டு, தம்பிக்கு, அவன் கிரேன் ஓட்டுகிற ஹார்பருக்கே போன் போட்டேன். மேலே இருந்தவன், "சரி மாமா, எறங்கி வந்து அளவு தாரேன்" என்றான், நல்ல பிள்ளை. ஒரு வருடத்தில் எனக்குப் புத்தி தெளிந்துவிட்டது, நாக்கு மட்டும் தெளியவில்லை. பேங்கில் மேனேஜர் முன்னால் "இவர் நம்ம சம்மந்தி" என்று தங்களை அறிமுகம் செய்தேன். தாங்கள் மேலே ஓடிய ஃபேனையே பார்த்துக்கொண்டிருந்தீர்கள். இத்தனை நாளாகத் தம்பிக்கும் ஒரு இடம் அமையாததற்கு என் வாய்தான் காரணமோ என்று மனசு கிடந்து அடித்துக்கொள்கிறது.

போன வாரம் பரிசோதனைக்குப் போனபோது டாக்டரிடம் தோணியைப் பற்றிச் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. ஐசியுவில் கிடந்த நிறையப் பேருக்கு இப்படி உண்டு, வருடக்கணக்கில் நிஜம் போலவே இருக்கும் என்றார். "எங்கிட்ட வந்த ஒருத்தர் அங்க தாசில்தாரா இருந்துட்டு வந்திருக்கார்" என்றார். நுரையீரலில் தழும்பு இருக்கிறது, அது அப்படியே இருக்கும். கனவைக் கனவு என்று தெரிந்துகொண்டால் பாதி குணம் என்றார். ஆகவே அண்ணாச்சி, அது கனவு என்று இதன்மூலம் ஒத்துக்கொள்கிறேன். பொங்கல்படி தங்களிடமே இருக்கட்டும். சம்மந்தம் ரத்து. சாத்தான்குளத்துக்காரர்கள் நல்ல இடம். பிரேமாவும் "உங்க இஷ்டம்ப்பா" என்று சொல்லிவிட்டாள்.

இந்த இடத்தில் பிரேமா எழுதுவதை நிறுத்திவிட்டுக் கண்ணில் தூசி என்கிறாள். இதையும் எழுது என்றேன், எழுதுகிறாள்.

அண்ணிக்கு என் வணக்கம். தம்பி செல்வதுரைக்குச் சீக்கிரம் ஒரு நல்ல பெண் அமைய என் ஆசீர்வாதம்.

இப்படிக்குத் தங்கள் சம்ம, இல்லை, தங்கள் நலம் நாடும்,
வேல்ராஜ்.

பி.கு.: இது என் சொந்தக் கையெழுத்து. கோழி கிண்டியது போல் இருக்கும், பொறுத்துக்கொள்ளவும். பிரேமா பேனாவை வைத்துவிட்டு ஓவென்று அழுதாள். "யப்பா, அது நீங்களா கண்ட கனவு இல்ல. நான் சொன்னது" என்றாள். ஐசியுவில் நான் மயங்கிக் கிடந்தபோது, வீட்டிலிருந்து இவள் பேசுவதற்காக நர்ஸ் ஜெபசுதா தினமும் செல்போனை என் காதில் வைப்பாராம். எனக்குக் கேட்காது என்ற தைரியத்தில், செல்வதுரையைத்தான் கட்டிக்கொள்ள ஆசை என்று இவள் என் காதில் சொல்லியிருக்கிறாள். அதோடு விட்டாளா, "எங்கப்பாவத் திருப்பிக் குடு முருகா, நான் அவன மறந்திருதேன்" என்று நேர்ந்தும் வைத்திருக்கிறாள். நான் பிழைத்துவிட்டேன். பிள்ளை அன்றிலிருந்து என் மூச்சு நின்றுவிடுமோ என்று பயந்து வாயைத் திறக்கவில்லை. "ஏளா, நான்தான கேட்டுக்கிட்டு கெடந்தேன். கல்யாணங்கிறது வரைக்கும் கேட்டுச்சு, மறந்திருதேன்னது கேக்கல. உங்கப்பனுக்கே கேக்காதது முருகனுக்கு எங்க கேட்டிருக்கப் போவுது" என்றேன். அழுதுகொண்டே சிரித்தாள். எனக்கும் அழுகை வந்தது. மேலே எழுதிய அத்தனையும் ரத்து. இதைத் தபாலில் போடவில்லை, நானே எடுத்துக்கொண்டு வருகிறேன் சம்மந்தி. தங்கள் வாசல்படி ஏற எனக்கு நேரம் ஆகும். பாதிப் படியில் நின்றால், மனசு மாறிவிட்டான் என்று நினைத்துக் கதவைச் சாத்திவிட வேண்டாம். மூச்சு வாங்கிக்கொண்டு வந்துவிடுவேன்.