பன்னிரண்டு அட்ஜெக்டிவ்

தையல் கடையில் அன்று மத்தியானம் இருந்தவர்கள் மூன்று பேர். வெட்டு மேஜைக்கு இந்தப் பக்கம், முக்காலியில், தையல்காரர். அந்தப் பக்கம், கடையில் இருந்த ஒரே நாற்காலியில், அவருடைய மச்சான். மடியில் செங்கல் கனத்தில் ஓர் ஆங்கில அகராதி. மிஷினுக்குப் பின்னால், காஜா எடுத்தபடி, தையல்காரரின் மனைவி. நடுவில் வாளி. மாடி வீட்டுத் தண்ணீர் கூரை வழியாக ஒழுகி, 'டொக், டொக்' என்று அதில் விழுந்துகொண்டிருந்தது.

மேஜைமேல் இருக்க வேண்டிய நாற்பது பள்ளிச் சீருடைகள் அலமாரி உச்சியில் பதுங்கியிருந்தன. திங்கட்கிழமை கொடுத்தாக வேண்டும். கொஞ்சம் பிசகினாலும் அடுத்த வருஷ ஆர்டர் எதிர்க்கடைக்குப் போய்விடும்.

பூட்டிக் கிடந்த மாடி வீட்டுக்குச் சொந்தக்காரர் வேறு ஊரில் இருந்தார். ஆங்கிலம் தவிர எதையும் படிக்க மாட்டார் என்று கேள்வி. அதனால் போன மாதம் தையல்காரர் டைப்பிங் சென்டர் அம்மாவிடம் போய் வயிற்றெரிச்சலையெல்லாம் கொட்டினார். "நீங்க கவலைப்படாமப் போங்க. நல்ல இங்கிலீஷ்ல போட்டு நானே அனுப்பிடறேன்" என்றாள். அனுப்பியும் விட்டாள்.

அன்று காலை ஆங்கிலத்தில் ஒரு கடிதம் வந்தது. தபால்காரம்மா ஏதோ சொல்ல வந்தாள். வாய் நிறையக் குண்டூசி வைத்திருந்த தையல்காரர் கையெழுத்தைப் போட்டு, தலையாட்டி அனுப்பிவிட்டு உறையைக் கிழித்தார். உறை வாளிக்குள் விழுந்தது. கடிதத்தின் தலையில் ஒரு பெரிய சொட்டு விழுந்து, விலாசங்கள் இருந்த இடம் நீலக் குட்டையானது. அடியில் யாருக்கும் புரியாத ஒரு கிறுக்கல் கையெழுத்து. நடுவில் இருந்தது மட்டும் தெளிவாக இருந்தது.

"என்ன மச்சான் எழுதியிருக்கான்? ரிப்பேருக்கு ஆள் அனுப்பறானாமா?"

"அவசரப்படாதீங்க மாப்ளே. ஒவ்வொரு வார்த்தையும் என்ன ரகம்னு முதல்ல பாக்கணும்." மச்சான் சிவப்புப் பென்சிலால் கோடு போட்டார். "'நெக்லிஜென்ட்.' அட்ஜெக்டிவ். பொறுப்பில்லாதவன்னு அர்த்தம்."

"யாரு?"

"'யூ'ன்னு போட்டிருக்கு. ப்ரோநவுன். அதாவது, நீங்க."

தையல்காரர் எழுந்து நின்றார். "அவன் வீட்டுத் தண்ணி என் தலையில விழுது, நான் பொறுப்பில்லாதவனா?"

"உக்காருங்க, இன்னும் இருக்கு. 'ஆப்ஸ்டினேட்.' பிடிவாதம் பிடிச்சவன். 'ஷேம்லெஸ்.' இதுக்கு புக்கே வேணாம். மானமில்லாதவன்."

"கேட்டியாடி?"

"கேட்டேன்" என்றாள் மனைவி. "ஒழுகறதைப் பத்தி என்ன சொல்றார்?"

மச்சான் தாளை முன்னும் பின்னும் திருப்பினார். "அதைப் பத்தி மூச்சே விடலை. மொத்தம் ஆறு அட்ஜெக்டிவ். அவ்வளவுதான்."

"திமிரைப் பாருங்க! ஆறு அட்ஜெக்டிவ் போடத் தெரியுது, ஓட்டையைப் பத்தி ஒரு வரி எழுத மனசு வரலை! இப்படி எழுதறவன் மனுஷனா?" தையல்காரர் அலமாரியில் ஓங்கி அடித்தார். உச்சியிலிருந்து ஒரு சீருடை நழுவி நேராக வாளிக்குள் விழுந்தது.

"முப்பத்தொன்பது" என்றாள் மனைவி.

பதில் தயாரானது. முதல் வரைவில் அதே ஆறையும் மச்சான் திருப்பி எழுதினார்.

"அவன் சரக்கையே அவனுக்கு அனுப்பறதா? பன்னிரண்டாப் போடுங்க!"

அகராதியில் துழாவிப் பன்னிரண்டு தேற்றினார்கள். தையல்காரருக்கு ஆறவில்லை. "இதுக்கு மேல காரம் ஏத்த முடியாதா?"

"முடியும். ஒவ்வொண்ணுக்கும் முன்னாடி ஒரு அட்வெர்ப் வெச்சா, பொறுப்பில்லாதவன் படு கேவலமாப் பொறுப்பில்லாதவன் ஆயிடுவான்."

"வைங்க!"

அட்வெர்ப் ஏற ஏறத் தாளில் இடம் போதவில்லை. கடிதம் ஒரு பக்கத்தில் முடிய வேண்டும் என்பது மச்சான் பள்ளிக்கூடத்தில் கற்ற ஒழுங்கு. முதலில் வணக்கத்தை எடுத்தார். பிறகு தேதியை. கடைசியில் ஒழுகலைப் பற்றிய இரண்டு வரிகளையும்.

"ஏங்க, விஷயமே அதுதானே?" என்றாள் மனைவி.

"அது அவனுக்கே தெரியும். நீ சும்மா இரு."

"வாளி நிரம்பிடுச்சுன்னு சொல்ல வந்தேன். சும்மா இருக்கேன்."

தையல்காரர் உறையின் ஓரமெல்லாம் பசை தடவி, இஸ்திரிப் பெட்டியை மேலே வைத்து அழுத்தி ஒட்டினார். வாளி வழிந்து அவர் கால் நனைந்தது, கவனிக்கவில்லை. தபால்தலையைக் குத்துவதுபோல் ஒட்டினார். திரும்பும் வழியில் வாசலைக் கடந்த தபால்காரம்மாவைக் கைதட்டிக் கூப்பிட்டார்.

"பத்திரம்மா. உள்ளே நெருப்பு இருக்கு."

அவள் விலாசத்தைப் படித்தாள். கடிதத்தைப் பையில் போட்டுக்கொண்டு அவரை ஒரு மாதிரி பார்த்தாள்.

"என்னண்ணே, போன மாசம் நீங்க எழுதின லெட்டர் 'ஆள் இல்லை'ன்னு திரும்பி வந்து, காலையிலதானே உங்க கையில குடுத்தேன். மறுபடியும் அதே விலாசத்துக்கேவா?"