கண்ணீர் மல்கும் அலுவலகம்

மக்கள் குறைகேட்பு அலுவலகத்தைப் புதுமோஸ்தருக்கு மாற்றுவது என்று மேலிடம் முடிவெடுத்தது. கிழட்டு மரமேசைகள் வெளியேறின. சுவரிலிருந்து சுவர்வரை கம்பளம், மரத்தூளை அழுத்திச் செய்த பலகையில் பளபள மேசைகள், திறக்கவே முடியாத கண்ணாடி ஜன்னல்கள் எல்லாம் வந்து சேர்ந்தன. "இனி காற்றுகூட அனுமதி இல்லாமல் உள்ளே நுழைய முடியாது" என்று மேலதிகாரி திறப்புவிழாவில் பெருமையாக அறிவித்தார்.

மனு வாங்கும் எழுத்தரம்மாவுக்கு அன்றைக்கே கண் எரிந்தது. மூன்றாம் நாள், தெருக்குழாய் உடைந்து மூன்று மாதமாகிறது என்று சொல்ல வந்த பெரியவர், அம்மாவின் கன்னத்தில் கண்ணீர் தாரைதாரையாக வழிவதைப் பார்த்து உருகிப்போனார். தான் பேசும்போது நிமிர்ந்து பார்த்த அதிகாரியையே அவர் அதுவரை கண்டதில்லை.

"அழாதீங்கம்மா. நாங்க எப்படியாவது சமாளிச்சுக்கறோம்" என்று மனுவைத் திரும்ப வாங்கிக்கொண்டு போய்விட்டார்.

சேதி ஊரெங்கும் பரவியது. ஜனங்கள் திரண்டு வந்தார்கள். எந்த மேசையைப் பார்த்தாலும் அழுகை. வந்தவர்கள் அதிகாரிகளுக்கு ஆறுதல் சொல்லிவிட்டு வீடு திரும்பினார்கள். நிலுவை மனுக்கள் அடியோடு ஒழிந்தன. மேலதிகாரிக்கு மனிதநேய விருது கிடைத்தது.

இழுப்பறையைச் சரிசெய்ய வந்த தச்சர்தான் மோந்து பார்த்து, பலகையை ஒட்டிய பசையின் நெடி இது, மாதக்கணக்கில் ஜன்னலைத் திறந்து வைத்தால்தான் போகும் என்று எழுத்தரம்மாவிடம் சொன்னார். அம்மாவுக்கு அப்போது இருமல் முற்றியிருந்தது. வீட்டுக்காரர் தலையணையைத் தூக்கிக்கொண்டு அடுத்த அறைக்குக் குடிபெயர்ந்து ஒரு வாரமாகியிருந்தது. ஜன்னலைத் திறந்துதர வேண்டுமென்று அம்மா எழுதிக் கொடுத்தார்.

மேலதிகாரி கூப்பிட்டனுப்பினார். "பசைன்னு வெளியில தெரிஞ்சா நம்ம கருணைக்கு என்னம்மா மரியாதை?"

ஆனாலும் கோப்பு கோப்புதானே. ஆய்வுக்குழு வந்தது. ஒரு மணிநேரம் உட்கார்ந்திருந்துவிட்டு, "ஊழியர்களின் உருக்கம் கண்டு நாங்களும் கண்கலங்கினோம்" என்று அறிக்கை எழுதியது. மறுநாள் குழுத்தலைவருக்கே மூச்சு வாங்கியது. ஆணை பறந்து வந்தது. ஜன்னல்களை அறுத்துத் திறந்தார்கள்.

காற்று வந்தது. கண்கள் காய்ந்தன. இருமல் நின்றது. வீட்டுக்காரரும் திரும்பி வந்தார்.

குழாய்ப் பெரியவரும் வந்தார். "ஆவன செய்யப்படும்" என்றார் அம்மா, பழக்கதோஷத்தில். பெரியவர் அந்த வறண்ட முகத்தை உற்றுப் பார்த்தார்.

"எப்போ?"

அம்மா கோப்பைப் புரட்டத் தொடங்கினார். பெரியவர் சாயங்காலம்வரை நாற்காலியை விட்டு எழுந்திருக்கவில்லை. அடுத்த நாள் நாற்பது பேர் அப்படி உட்கார்ந்தார்கள். பதில் சொல்வது இத்தனை உடம்புநோகும் வேலை என்பது அம்மாவுக்கு இத்தனை வருட உத்தியோகத்தில் தெரியாமலே இருந்தது.

வெள்ளிக்கிழமை இருநூறு கையெழுத்தோடு ஒரு மனு வந்தது. இளகிய மனமுள்ள அலுவலர்கள் ஜன்னல் திறந்த நாள்முதல் கல்நெஞ்சக்காரர்களாகிவிட்டதால், மேற்படி ஜன்னல்களைப் பொதுமக்கள் நலன் கருதி மூடித்தர வேண்டுமாம்.

எழுத்தரம்மா மனுவைப் பார்த்தார். வாசல்வரை நின்ற வரிசையைப் பார்த்தார். வெளிக்காற்றை ஒருமுறை நெஞ்சு நிறைய இழுத்துக்கொண்டு, "உடனடி நடவடிக்கைக்குப் பரிந்துரைக்கப்படுகிறது" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

நாலு மணிக்குள் எல்லா ஜன்னலும் அடைபட்டன. அந்த அலுவலகத்தின் சரித்திரத்திலேயே, கொடுத்த அன்றைக்கே தீர்ந்த மனு அது ஒன்றுதான்.