"போயிட்டு வாங்க" என்று சொன்ன பிறகும்

இன்டர்வியூவுக்கு எப்படி உள்ளே போவது, எப்படி உட்காருவது, எவ்வளவு சிரிப்பது என்று சொல்லித்தர ஆயிரம் வீடியோ இருக்கிறது. முடிந்ததும் நாற்காலியை விட்டு எப்படி எழுந்திருப்பது என்று ஒருத்தரும் சொல்லித்தருவதில்லை. அது எல்லாருக்கும் தானாக வந்துவிடும் என்று நினைப்பு. எனக்கு வரவில்லை.

எனக்கு முடக்குவாதம். பி.காம். கடைசி வருஷத்தில் வந்து சேர்ந்தது. ("வாதமா, இந்த வயசுலயா?" என்று கேட்க வாய் திறக்கிறவர்கள் மூடிக்கொள்ளவும். சங்கரன்கோவிலில் பாதிப் பேர் கேட்டாயிற்று, மீதிப் பேர் தைலம் சொல்லியாயிற்று.) காலையில் விரலும் முட்டியும் துருப்பிடித்த கேட் மாதிரி இருக்கும். மாத்திரை உண்டு, உடற்பயிற்சி உண்டு. பிசியோதெரபி அக்கா போட்ட சட்டம் ஒன்றுதான்: ஒரே இடத்தில் ரொம்ப நேரம் உட்காராதே, அசைந்துகொண்டே இரு. மீறினால் மூட்டு அப்படியே பூட்டிக்கொள்ளும்.

அதனால் நான் நடந்துகொண்டே சாப்பிடுவேன், நடந்துகொண்டே போன் பேசுவேன், நடந்துகொண்டே டிவியை மறைப்பேன். அம்மா, "ஏட்டி, சித்த நேரம் ஒரு இடத்துல நில்லு, எனக்குத் தல சுத்துது" என்பாள். அப்பாவுக்கு வேறு கருத்து. முடியாத பிள்ளைக்கு வேலை எதற்கு, வீட்டில் ரெஸ்ட் எடுக்கட்டும். திருநெல்வேலியில் பார்த்த முதல் வேலையை, காலையில் நேரத்துக்குப் போக முடியாமல் விட்ட பிறகு, அந்தக் கருத்து தீர்மானமாகவே நிறைவேறிவிட்டது. இந்த இன்டர்வியூவும் ஊற்றிக்கொண்டால், ரெஸ்ட் எடுப்பதுதான் என் உத்தியோகம். எடுத்தால் இன்னும் மோசமாகத்தான் ஆவேன் என்பது அவருக்குப் புரியவில்லை. (நானும் புரியும்படி சொல்லவில்லை. கத்தினேன்.)

ராஜபாளையம் ரோட்டில் ஒரு நூல் கம்பெனி. அக்கவுண்ட்ஸ் வேலை. நோயைப் பற்றி மூச்சு விடக்கூடாது என்று முடிவெடுத்துத்தான் போனேன். காத்திருக்கும்போது உட்காராமல் நடந்தேன். சுவரைப் பிடித்துக் குதிகாலைத் தூக்கி இறக்கினேன். கணுக்காலைச் சுழற்றினேன். ரிசப்ஷன் அக்கா கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, குரலைத் தாழ்த்தி, "பாத்ரூம் அங்கன இருக்கு" என்றார். வேண்டாம் என்று சொல்லி மறுபடி ஒரு சுற்று நடந்தேன். "தாழ்ப்பா நல்லா விழும்மா, பயப்படாம போங்க" என்றார். மானம் போன அந்த நொடியில் உள்ளே கூப்பிட்டார்கள். இனி செத்தாலும் அசையமாட்டேன் என்று சபதம் போட்டுக்கொண்டு போனேன்.

நாற்காலி, ஆளை விழுங்குகிற வகை. ஏசி காற்று நேரே முட்டிக்கு வந்தது. மேனேஜர் ஒரு கேள்வி கேட்பார், மூன்று போன் பேசுவார், மறுபடி ஒரு கேள்வி கேட்பார். நான் சிலை. வாய் மட்டும் பட்டாசு. கடைசியில் அவர், "சரிம்மா, நாங்க சொல்லி அனுப்புதோம். போயிட்டு வாங்க" என்றார்.

எழுந்தேன். அதாவது, மனசு எழுந்தது. உடம்பு அங்கேயே இருந்தது.

"சார், ஒரு டவுட்டு" என்றேன்.

என்ன டவுட்டு என்று எனக்கே தெரியாது. ஜிஎஸ்டி பற்றி எதையோ கேட்டேன். அவர் சொல்லி முடித்து மறுபடி வாசலைப் பார்த்தார். கம்பெனி எப்போது ஆரம்பித்தது என்று கேட்டேன். சுவரில் மாலை போட்ட படத்தில் இருப்பவர் யார் என்று கேட்டேன். (முதலாளியின் அப்பா. எப்படி இறந்தார் என்றும் கேட்டுத் தொலைத்தேன்.) மேஜைக்கு அடியில் கால் ரகசியமாகச் சுழல, மேஜை ஆட, அவருடைய டீ அலையடித்தது. நூல் லோடு வந்தால் எடையை யார் பார்ப்பார்கள் என்றேன். குடோனில் பார்ப்பார்களாம். பில்லை? இங்கே பார்ப்பார்களாம். அப்படியென்றால் இரண்டையும் சேர்த்து வைத்துப் பார்ப்பது யார் என்றேன். மனிதர் தலையைச் சொறிந்துகொண்டே தாளில் எதையோ குறித்தார். நல்லதாகப் போயிற்று என்று கணுக்காலை இன்னும் நாலு சுற்றுச் சுற்றினேன்.

அவர் எனக்கும் டீ சொன்னார். விரலும் மடங்காததால் இரண்டு உள்ளங்கையிலும் ஏந்தி, கோயிலில் தீர்த்தம் வாங்குகிற மாதிரி குடித்தேன். அதற்குள் அடுத்த ஆள் வந்துவிட்டான், பனவடலிசத்திரத்துக்காரன், மடிப்புக் கலையாத சட்டை. மேனேஜர் என்னைப் பார்த்தார். நான் டீயைப் பார்த்தேன். வேறு வழியில்லாமல் என்னைப் பக்கத்தில் வைத்துக்கொண்டே அவனை இன்டர்வியூ செய்ய ஆரம்பித்தார். அவன் ஒரு கேள்விக்குத் திணற, என் வாய் சும்மா இருக்காமல் பதில் சொன்னது. அவன் தேங்க்ஸ் என்றான்.

மேனேஜர் பேனாவை மூடினார். "ஏம்மா, நீங்க இன்னும் போகலையா?"

"எந்திரிக்க முடியல சார்."

சொல்லிவிட்டேன். முடக்குவாதம், ஒரே இருப்பாக இருந்தால் பூட்டிக்கொள்ளும், அசைத்தால் விட்டுவிடும் என்று எல்லாவற்றையும் கொட்டினேன்.

"பொறவு உக்காந்து பாக்க வேலைக்கு எதுக்கு வந்திய?" என்றார். கோபமாக இல்லை, நிஜமாகவே கேட்டார். அதுதான் சுட்டது.

"உக்காந்தேதான் பாக்கணும்னு கணக்கு சொல்லிச்சா சார்? நடுவுல எந்திச்சு ஒரு நடை நடந்துட்டு வந்து பாப்பேன். அது எங்கயும் ஓடிராது."

பேசினது போதாதென்று, இனி மறைக்க என்ன இருக்கிறது என்று, அவர் கண்ணெதிரே காலை நீட்டி மடக்க ஆரம்பித்தேன். சட்டைக்காரன் பள்ளிக்கூட டிரில் ஞாபகத்தில் ஒன்று, இரண்டு என்று எண்ணிக் கொடுத்தான். ஒரு வழியாக மேஜையைப் பிடித்து எழுந்தேன். முட்டி சொடுக்கிய சத்தத்தில் ரிசப்ஷன் அக்கா எட்டிப் பார்த்தார்.

வீட்டில் அம்மாவிடம் மட்டும் சொன்னேன். அவள் சிரித்து, அழுது, மறுபடி சிரித்தாள். அப்பா ரெஸ்ட் எடுக்கச் சொன்னார்.

அந்த வாரமே கம்பெனியிலிருந்து போன். டவுட்டு கேட்ட பிள்ளைதானே என்று உறுதி செய்துகொண்டார் மேனேஜர். லோடு வரும்போதெல்லாம் குடோனுக்குப் போய் எடையையும் பில்லையும் சேர்த்துப் பார்க்க ஆள் வேண்டுமாம். நாளெல்லாம் அலைச்சல், சம்மதமா என்றார். காலையில் கொஞ்சம் தாமதமாகத்தான் வருவேன் என்று இந்தத் தடவை முதலிலேயே சொன்னேன். முனகினார், ஒத்துக்கொண்டார். மோசமான காலைகள் இப்போதும் உண்டு. ஆனால் குடோனில் நான் நடப்பதை யாரும் வேடிக்கை பார்ப்பதில்லை.

எங்கள் வீட்டில் எந்த விருந்தாளியாவது கிளம்புகிறேன் என்று சொல்லிவிட்டு எழாமல் இருந்தால், அம்மா வாயால் கதை முழுதும் கேட்டுவிட்ட அப்பா இப்போது பவ்யமாக, "என்ன வே, ஏதும் டவுட்டு இருக்கா?" என்று கேட்பார். அம்மா அடுப்படிக்கு ஓடிப்போய்ச் சிரிப்பாள். போன ஞாயிற்றுக்கிழமை வாசுதேவநல்லூர் மாமா விஷயம் தெரியாமல், ஆமாம் இருக்கிறது, முடியாத பிள்ளையை எதற்கு வேலைக்கு அனுப்புகிறீர்கள் என்று கேட்டுவிட்டார்.

அப்பா அசரவில்லை.

"வீட்ல உக்கார வச்சா எந்திரிக்க மாட்டா வே. அதான்."